பொட்டு வாய் திறந்த வாரம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் அங்கே சளி காய்ச்சல் என்று படுக்காமல் இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் பாதி சொல்வதற்குள் உன் முகம் தொங்கிவிடும், உடனே நானும் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால் காகிதத்தில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன், முழுதும் படி. சலவைக் கடையை உன் அப்பாவிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், வெள்ளைத் துணியெல்லாம் என்ன நிறத்தில் திரும்பப் போகிறதோ.

எடை ஏறாத நம் குழந்தை பொட்டுவுக்கு ரத்தம், சிறுநீர், இதயம், குடல் எல்லாம் பார்த்துவிட்டார்கள், நோய் எதுவும் இல்லை. டாக்டரம்மா குழந்தையின் வளர்ச்சி அட்டையைக் காட்டினார். ஆறாம் மாதம் வரை நன்றாக ஏறிய எடைக்கோடு அதன்பிறகு படுத்துவிட்டது, கொஞ்ச நாள் கழித்து உயரமும் தயங்கியிருக்கிறது, தலை மட்டும் வழக்கம்போல வளர்கிறது. உள்ளே கோளாறு இல்லாமல் சாப்பாடு மட்டும் போதாத குழந்தைக்குப் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் நிற்குமாம். ஆறாம் மாதம் என்றால் லீவு முடிந்து நீ கிளம்பிய மாதம். குழந்தைக்கு ஊட்டுவதைப் பார்க்கவேண்டும் என்று நீ வேளை தவறாமல் வீடியோவில் வர ஆரம்பித்ததும் அப்போதுதான்.

சேர்த்த அன்றைக்கே, நீங்கள் ஊட்டுவதை நான் பார்க்கவேண்டும் என்றார் டாக்டரம்மா. உன் மனைவி பழக்கதோஷத்தில் போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து உன்னைக் கூப்பிட்டாள். நீ அந்தப் பக்கம், அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்த உன் அப்பா இந்தப் பக்கம் கிலுகிலுப்பையோடு, நான் குழந்தையின் தாடையைப் பிடித்து அப்பாவைப் பாரு அப்பாவைப் பாரு என்று திருப்ப, கரண்டி கன்னத்தில் இடித்தது. கஞ்சி பாதி சட்டையில். இன்னும் இளைச்சுதானே இருக்கா, நீ என்னதான் பண்றே என்று நீ கேட்டாய். அவள் குழந்தையின் முகத்தைத் துடைத்தாள். டாக்டரம்மா போனை அணைத்துவிட்டு, ஒரு வாரத்துக்கு குழந்தையோட அம்மா மட்டும் போதும், நீங்க ரெண்டு பேரும் வெளியில காத்தாட உக்காருங்க என்றார்.

வார்டில் சிக்னல் இல்லை என்று உன்னிடம் சொன்னது பொய், சொல்லச் சொன்னது நான். திரைச்சீலை ஓரமாகப் பார்த்தேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அது வாய் திறக்கும்வரை இவளும் சும்மா இருக்கிறாள். முதல் இரண்டு நாள் பெரிதாக ஒன்றும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் அதுவே கரண்டியைப் பிடித்து இழுத்தது. இன்று எடை பார்த்தார்கள், கோடு மேலே திரும்பியிருக்கிறது. நீ பார்க்காத வாரத்தில் ஏறிய எடை என்று எழுத எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆசையில்தான் பார்த்தாய், தெரியும்.

நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அவர் கூப்பிட்டா எனக்குக் கரண்டி நேரா போகாது அத்தை என்று இப்போதே சொல்கிறாள். இவளுக்குக் கையாலாகவில்லை என்று நானும் அக்கம்பக்கத்தில் சொல்லித் திரிந்தவள்தான். இனி ஊட்டும் வேளையில் கூப்பிடாதே, குழந்தை வயிறு நிறைந்து விளையாடும்போது கூப்பிடு.

நீயும் உன் குடும்பமும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருக்கவேண்டும். ஒன்றை மறக்காதே, நாளை போன் எடுத்ததும் முதலில் உன் மனைவியிடம், நீ சாப்பிட்டாயா என்று கேள். மூன்று மாதமாக நம் வீட்டில் ஒருவரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா