கந்தோரில் சொல்லவேண்டிய பெயர்

கொழும்பு,
18.02.1946

என் அன்பு ஞானத்துக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. உறையின் மேல் வழக்கம்போல உன் சிநேகிதி, பள்ளிக்கூடத்துப் பத்மாசினி ரீச்சரின் குண்டு எழுத்து. உள்ளே உன் எழுத்து. எகிப்தில் இருந்த ஐந்து வருஷமும் பட்டாளத்துக் கூட்டாளிகள் "சீவரத்தினத்துக்கு ஊரிலை ரெண்டு பெண்சாதி" என்று பகிடி பண்ணினார்கள். இங்கேயும் அது தொடங்கிவிட்டது. புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டாய், சரி. உறையிலும் எழுதமாட்டேன் என்று நிற்கிற பெண்ணை நான் உன்னைத் தவிர வேறெங்கும் காணவில்லை.

நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. யுத்தத்துக்குப் போய் வந்தவர்கள் படிக்க விரும்பினால் கல்லூரிச் சம்பளம், விடுதிச் செலவு எல்லாம் அரசாங்கமே கொடுக்கிறதாம். மின்சார வேலை படிக்க எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு வருஷம். முடித்தால் உத்தியோகம் நிச்சயம். பாலைவனத்தில் கம்பி இழுத்துப் பழகிவிட்டேன். திரும்பவும் சுருட்டுக் கொட்டிலில் போய்க் குந்தியிருக்க மனம் வரவில்லை, ஞானம். நமக்கு இதைவிட்டால் வேறு வழியும் இல்லை.

ஒரு நிபந்தனை மட்டும். யாரோ சிலர் பெண்சாதியை அந்தரிக்க விட்டுவிட்டுப் படிக்கப் போனார்களாம். அந்தப் பெண்கள் அரசாங்கக் கந்தோரில் வந்து அழுதார்களாம். அதனால் கலியாணம் செய்தவன் என்றால் மனைவி அதிகாரிக்கு முன்னால் தன் வாயாலேயே சம்மதம் சொல்லவேண்டும். அடுத்த மாதம் அவர் புத்தூரில் ஊர்த்தலைவர் விதானையார் வீட்டுக்கு வருவார். போய்ச் சொல்லிவிடு, என்ன?

உன்,
சீவரத்தினம்


புத்தூர்,
பார்த்திப வருஷம், மாசி 16

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் மாமியும் சுகம். மாமிக்கு முழங்கால் உளைவு. எண்ணெய் பூசி விடுகிறேன். வெங்காயம் இந்தமுறை நன்றாக இறங்கியிருக்கிறது. இறைக்கிறதற்குக் கிணற்றுத் துலா மிதிக்க ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு.

உங்கள் செய்தி கேட்டுச் சந்தோஷம். உண்மையாகத்தான் சொல்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்கக்கூடாது. ஐந்து வருஷம் கழித்து வந்தீர்கள். பத்து நாள் இருந்தீர்கள். கொழும்புக்கு ஓடிவிட்டீர்கள். நீங்கள் கொண்டுவந்த பேரீச்சம்பழம் இன்னும் போத்தலில் இருக்கிறது, கொண்டுவந்தவரைத்தான் காணவில்லை. இப்போது இன்னும் இரண்டு வருஷமாம்.

சரி, படியுங்கோ. நான் குறுக்கே நிற்கமாட்டேன். சம்மதம்தானே, சொல்லிவிடுகிறேன். சித்திரை வருஷப் பிறப்புக்கு எப்படியும் வரப் பாருங்கோ. மாமி உங்களுக்கென்று பயற்றம்பணியாரம் சுட மா இடிப்பித்து வைத்திருக்கிறா.

இப்படிக்கு,
உங்கள் ஞானாம்பிகை


கொழும்பு,
20.03.1946

அன்புள்ள ஞானம்,

கந்தோரிலிருந்து எனக்கு என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? "மனைவி என்று வந்த பெண்ணுக்குக் கணவனின் பெயர் தெரியவில்லை. ஆகவே உதவி நிறுத்தப்படுகிறது."

முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. அந்த அதிகாரி வெள்ளைக்காரர். கூட வந்த கிளாக்கரும் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த பொடியனாம். நம்முடைய ஊர் வழக்கம் அவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது! எனக்காவது புத்தி வந்திருக்க வேண்டும். பெயர் கேட்பார்கள் என்று நான் நினைக்கவேயில்லை.

இனி ஒரே ஒரு வழிதான். சித்திரை மாதம் முடியுமுன் நீ யாழ்ப்பாணம் பட்டணத்துக் கந்தோருக்குப் போய் என் பெயரைச் சொல்லிச் சம்மதம் கொடுக்கவேண்டும். ரீச்சர் சொன்னால் ஏற்கமாட்டார்கள், அம்மா சொன்னாலும் ஏற்கமாட்டார்கள். நீதான் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் என் இடம் இன்னொருவனுக்குப் போய்விடும்.

ஞானம், இன்னொன்றும் கேட்கிறேன். அன்றைக்குப் பெயர் மட்டும்தான் வாயில் வரவில்லையா, மனமும் வரவில்லையா? எதுவென்றாலும் எழுது. கோபிக்கமாட்டேன்.

சீவரத்தினம்


புத்தூர்,
பார்த்திப வருஷம், பங்குனி 16

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு அடுப்படியிலேயே இருந்து அழுதேன். மாமி புகை என்று நினைத்தா.

நடந்ததைச் சொல்கிறேன். கிளாக்கர் முதலில் என் பெயரைக் கேட்டார், சொன்னேன். "உங்கடை மனுசன்ரை பேர்?" என்றார். நான் பத்மாசினியைப் பார்த்தேன். அவள் "நான் சொல்லுறன்" என்று வாய் திறந்தாள். வெள்ளைக்காரத் துரை கையைத் தூக்கி மறித்துவிட்டார். விதானையார் பொன்னம்பலம் "இது எங்கடை ஊர்ப் பழக்கம் ஐயா, இந்தப் பிள்ளை புருஷன்ரை பேர் சொல்லாது" என்றார். அவரையும் பேசவிடவில்லை. துரை என்னையே பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். பிறகு ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

மனமும் வரவில்லையா என்று கேட்டீர்கள். ஓம், முழுதாக வரவில்லை. உங்களோடு இருக்க எனக்கு ஆசை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் நான் வாய் திறக்காததற்கு அது காரணம் இல்லை. சத்தியம்.

பெயர் சொன்னால் புருஷனுக்கு ஆயுள் குறையும் என்று என் அம்மா சொல்லித் தந்தவ. நீங்கள் கப்பல் ஏறின அன்றைக்கு நான் ஒரு நேர்த்தி வைத்தேன். உங்கள் பெயரை வாயாலும் சொல்லேன், கையாலும் எழுதேன் என்று. பக்கத்து ஊர்களில் எத்தனை வீட்டுக்குத் தந்தி வந்தது! எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நீங்கள் முழு ஆளாகத் திரும்பி வந்தீர்கள். அந்த நேர்த்தியால்தான் வந்தீர்கள் என்று நான் நம்புகிறேன். நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கோ. ஆனால் ஐந்து வருஷம் காப்பாற்றினதை ஒரு கந்தோர் மேசைக்கு முன்னால் எப்படி அத்தான் விடுவது?

ஞானாம்பிகை


கொழும்பு,
04.04.1946

என் ஞானம்,

நான் சிரிக்கவில்லை. உன் கடிதத்தை மூன்று நாளாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

உனக்கு ஒருபோதும் எழுதாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். அங்கே ஒவ்வொரு காலையும் எங்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். எங்கள் சார்ஜன்ற் வெள்ளைக்காரன். என் பெயரை அவன் பல்லுக்குள் போட்டு அரைத்துத் துப்புவான். கூப்பிட்டவுடன் நாங்கள் இங்கிலீசில் "சேர்" என்று கத்தவேண்டும். கத்தினால் அன்றைக்கு நீ உயிரோடு இருக்கிறாய் என்று அர்த்தம். வாயால் "சேர்" என்பேன். உள்ளுக்குள் "ஓம், ஞானம்" என்பேன். ஒருநாளாவது என் பெயரை நீ கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். நீ கூப்பிடுகிற "இஞ்சேருங்கோ"வுக்குத் தெருவில் போகிற எல்லா ஆம்பிளையும் அல்லவா திரும்பிப் பார்ப்பான்!

மயிலிட்டி மரியாம்பிள்ளையைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேன், நன்றாகப் பாடுவான் என்று. அவன் போன லொறி கண்ணிவெடியில் அகப்பட்டது. அடுத்த காலை சார்ஜன்ற் பழக்கத்தில் அவன் பெயரையும் கூப்பிட்டுவிட்டான். பதில் இல்லை. நாங்கள் அத்தனை பேரும் அசையாமல் நின்றோம். அந்த அமைதி இன்றைக்கும் என் காதைவிட்டுப் போகவில்லை.

கூப்பிட்டதால் யாரும் சாகவில்லை, ஞானம். கூப்பிட்டு, பதில் கேட்டு, அப்படித்தான் நாங்கள் ஒவ்வொரு நாளும் பிழைத்தோம். உன் நேர்த்தியை நான் குறைவாக நினைக்கவில்லை. அது என்னைக் கொண்டுவந்து சேர்த்தது, அதன் வேலை முடிந்தது. ஆனாலும் உன்னால் முடியாவிட்டால் போகாதே. நான் ஊருக்கு வந்து சுருட்டுச் சுற்றுகிறேன். அதற்காக உன்னை ஒருநாளும் குறை சொல்லமாட்டேன்.

உன்,
சீவரத்தினம்


புத்தூர்,
விய வருஷம், சித்திரை 11

அன்புள்ள சீவரத்தினத்துக்கு,

எழுதிவிட்டேன். எழுத்து கோணலாகிவிட்டது. உறையையும் பாருங்கோ, என் எழுத்துத்தான். பத்மாசினி பக்கத்தில் இருந்து "எடி, பார்த்து, மை சிந்தப் போகுது" என்று கத்துகிறாள்.

நேற்று நானும் அவளும் பஸ் ஏறினோம். நல்லூரில் இறங்கி, "முருகா, இண்டைக்கு அவரின்ரை பேரைச் சொல்லப் போறன். இனி அவர் உன்ரை பொறுப்பு" என்று சொல்லிவிட்டுத்தான் பட்டணம் போனேன். கந்தோரில் அதே துரை, அதே கிளாக்கர். தண்ணீர் கேட்டுக் குடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. வாசலில் நின்ற பியூன் உள்ளே எட்டிப் பார்த்தான். கிளாக்கர் "இன்னொருக்கால் சொல்லுங்கோ, எழுதவேணும்" என்றார். இரண்டாம் முறை கண்ணை மூடவில்லை. சம்மதமும் சொன்னேன். துரை எழுந்து நின்று என் முகத்தைப் பார்த்துத் தலை அசைத்தார். உங்கள் இடம் உங்களுக்குத்தானாம்.

திரும்பி வரும்போது பஸ் இரைச்சலில் யாருக்கும் கேட்காமல் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். நல்ல பெயர். இவ்வளவு நாளும் ஊரெல்லாம் சொல்ல, நான் மட்டும் சொல்லாமல் இருந்தேனே என்று எரிச்சலாகவும் இருந்தது.

ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து சாமி விளக்கை அணையவிடவில்லை. பயம் போகவில்லை. போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். பணியாரம் தகர ரின்னில் போட்டு வைத்திருக்கிறேன், வருஷப் பிறப்புக்குத்தான் நீங்கள் வரவில்லை. படிக்கத் தொடங்குமுன் ஒருதரம் வந்து போங்கோ. அதற்கு முதல் ஒரு வரி எழுதுங்கோ. கூப்பிட்டால் பதில் வரவேணும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நான் கூப்பிட்டுவிட்டேன், சீவரத்தினம்.

ஞானம்


தபாலட்டை
கொழும்பு, 27.04.1946

ஓம், ஞானம். இருக்கிறன். வியாழக்கிழமை இரவு றெயிலிலை வாறன். வாசல் படலையடியிலை நிண்டு இன்னொருக்கால் கூப்பிடு.

சீவரத்தினம்