ஒரு மழைக்காலம் மட்டும் போதும், அண்ணி

அன்பு எஸ்தர் அண்ணி,

எம்.எஸ்ஸி.யில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் டிபன் பாக்ஸைக் காலி பண்ணியவளை 'அண்ணி' என்று கூப்பிட வைத்த என் அண்ணன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். நேரில் அப்படிக் கூப்பிட்டால் முறைப்பாய். இப்போது முறைக்க நீ இல்லை, தைரியமாக எழுதுகிறேன்.

முதலில் நல்ல சேதி. உன் கருவி ஓடுகிறது. நம் பல்கலைக்கழகத்தில் மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் அந்த அறையில், நீ வைத்த இடத்திலேயே, வெளிச்சம் புகாமல் நீ சுற்றிய கறுப்புக் குடைத்துணியோடு. வானத்திலிருந்து இறங்கும் மியூவான் துகள்கள் கூரையையும் நம்மையும் துளைத்துக்கொண்டு போகும்போது அது பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருக்கிறது. நீ போன பிறகு அதை ஒருமுறையும் அணைக்கவில்லை.

கெட்ட சேதி, அது செத்துவிட்டது என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

டெல்லிக் கமிட்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அரசாங்கம் நமக்குக் கொடுத்துவந்த ஆராய்ச்சி நிதியை நீட்டிக்கக் கேட்டு வீடியோவில் பேசினேன். நீ தயாரித்த படங்களைத்தான் காட்டினேன். இடி மேகம் தலைக்கு மேல் வந்தால் மியூவான் எண்ணிக்கை மாறுகிறது, அதை வைத்து மேகத்துக்குள் இருக்கும் மின்சாரத்தை அளக்கலாம், அதற்கு இன்னும் ஒரே ஒரு வடகிழக்குப் பருவமழை முழுசாக வேண்டும் என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு ஒரு பெரியவர், "இதிலிருந்து என்ன பொருள் வரும்?" என்றார். பதில் வரும் ஐயா என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அவர் கெட்டவர் இல்லை, அண்ணி. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். துகள் இயற்பியலுக்கு இருக்கிற நிதி பெரிய நிறுவனங்களுக்கும் வெளிநாட்டுப் பெரிய இயந்திரங்களுக்கும் போகும், பல்கலைக்கழகங்கள் அக்கம்பக்கத்துக்குப் பயன்படுகிற வேலையைப் பார்க்கட்டும் என்றார். "உங்களைச் சுற்றி எத்தனை தொழிற்சாலை! பேட்டரி செய்யுங்கள், சென்சார் செய்யுங்கள்" என்றார். நீட்டிப்பு கிடையாது என்று முடித்துவிட்டார்கள். காலையில் ஒரகடம் ரோட்டில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போவதைப் பார்க்கிறேன். சீருடையில் ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டே போகும் பெண்களில் பாதிப் பேர் நம் ஊர்ப் பெண்கள். வேலை வேண்டாம் என்று யார் சொல்வது? ஆனால் எல்லோருமே பேட்டரியைப் பார்த்துக்கொண்டிருந்தால் மழையை யார் பார்ப்பது? இதை அங்கே கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து கத்தரிக்காய் நறுக்கும்போது தோன்றியது.

இன்னொரு கூத்தும் நடந்தது. போன முறை ஒப்புக்கொண்ட மின்னணுப் பெட்டிகள் இப்போது வந்து இறங்கிவிட்டன. நிதிக் கணக்கில் கருவி வாங்க ஒரு தலைப்பு, ஆளுக்குச் சம்பளம் தர இன்னொரு தலைப்பு, ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைவைக்கக்கூடாது, உனக்குத் தெரியும். கருவித் தலைப்பைக் கொடுத்துவிட்டு ஆள் தலைப்பை அடித்துவிட்டார்கள். பெட்டி மூலையில் உட்கார்ந்திருக்கிறது. மலர் அதன்மேல் டீ கிளாஸ் வைக்கிறாள்.

மலரை நீ பார்த்ததில்லை. வாலாஜாபாத் பெண், என்னிடம் பிஎச்.டி. செய்கிறாள். உன் மழைக் கேள்விதான் அவளுடைய ஆய்வு. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட அந்த மழையில் நீ ஜன்னலோரம் நின்று, "மேலேர்ந்து வர்றத மேகம் எதனா பண்ணுமா பரி?" என்று கேட்டதை அவளுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். நாம் அசடு வழிந்த கதையையும் சொன்னேன். சாயங்காலமானால் எண்ணிக்கை எகிறுகிறது என்று நீ சோறுகூடத் தின்னாமல் கிராஃப் போட்டாயே, கடைசியில் பக்கத்துக் கம்பெனியில் புது ஷெட்டுக்கு வெல்டிங் வைக்கிறார்கள், அந்த இரைச்சல்தான் நம் கம்பியில் ஏறுகிறது என்று தெரிந்ததே. மலர் விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த நாளே எல்லாக் கம்பிகளுக்கும் புது உறை போட்டுவிட்டாள். உன்னைப் போலவே ஒரு பிசாசு.

அவளுக்கு உதவித்தொகை வந்து பல மாதம் ஆகிறது. வரும் வரும் என்று நானும் சொல்லிச் சொல்லி, எனக்கே என் வாயைப் பிடிக்கவில்லை.

போன வாரம் டீன் கூப்பிட்டார். கம்பெனிகளோடு சேர்ந்து பேட்டரி சென்சார் மையம் வருகிறதாம். அதற்கு நம் அறை வேண்டும். அறை காலியாக வேண்டுமென்றால் கருவியைக் கண்டம் பண்ண வேண்டும், அதாவது உதவாதென்று கழித்துக்கட்ட வேண்டும். ஓடுகிற கருவியைக் கண்டம் பண்ண விதியில் இடமில்லை, அதனால் பழுதாகிவிட்டது என்று பொறுப்பாளர் சான்று தர வேண்டும். பொறுப்பாளர் நான். "ஒரு சைன்தானே மேடம், உங்க ஸ்டூடண்டையும் மையத்துல எடுத்துக்கலாம்" என்றார். காபி வேறு வரவழைத்தார். குடிக்காமல் வந்துவிட்டேன்.

மலரிடம் சொன்னேன். அவள் டீ கிளாஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"சென்டர்ல சேந்தா நான் இன்னா பண்ணணும் மேடம்?"

"பேட்டரி சோதனை."

"கம்பெனில கூப்ட்டதும் அதுக்குத்தான். அங்கியாவது மாசாமாசம் சம்பளம் வரும். வூட்ல அப்பா வேற எப்ப முடிப்ப, எப்ப முடிப்பன்னு கேட்டுக்கினே கீறாரு."

கம்பெனி ஆர்டர் ஏற்கெனவே அவள் பையில் இருந்திருக்கிறது. எனக்காகச் சொல்லாமல் வைத்திருந்தாள். திங்கட்கிழமை சேர வேண்டும்.

நான் என்ன செய்வேன்? கையெழுத்துப் போட்டால் கருவி காயலான்கடைக்குப் போகும், மலரின் ஆய்வும் அதோடு போகும். போடாவிட்டால் கருவி இருக்கும், பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. எனக்கோ காலை முதல் மாலை வரை வகுப்பு. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். நாலு நாளாக அந்தப் படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அண்ணனிடம் சொன்னேன். சேரப்பணஞ்சேரி வீட்டில் உன் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தது. யாரும் ஓட்டுவதில்லை, வாராவாரம் துடைக்கிறது.

"அவ மெஷின் கெட்டுப்போச்சா?" என்று கேட்டது.

"இல்லண்ணா, நல்லாத்தான் ஓடுது."

"அப்போ கெட்டுப்போச்சுன்னு ஏன் எழுதணும்? நல்லா ஓடுதுன்னு எழுதிக் குடு. அப்பால அவங்க பாடு."

அண்ணனுக்கு எல்லாமே அவ்வளவு சுலபம் என்று எரிந்து விழுந்துவிட்டு வந்தேன். பாவம், அது துணியைப் பிழிந்து மறுபடி துடைக்க ஆரம்பித்தது.

அண்ணனைச் சொல்லிக் குற்றமில்லை. உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று அதற்குப் பேனா பிடிக்க வரவில்லை. உடலைப் பெற்றுக்கொண்டேன் என்று நான்தான் கையெழுத்துப் போட்டேன். கவுன்டரில் இருந்த பெண், "நீங்க அவங்களுக்கு இன்னா வேணும்மா?" என்று கேட்டாள். உறவு என்ற இடத்தில் எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கு அந்தக் காகிதத்தில் இருந்தது உண்மை. அழுதுகொண்டு போட்டாலும் உண்மைக்குத்தான் போட்டேன். உயிரோடு இருப்பதைச் செத்ததென்று எழுத என் கை எப்படி வரும்?

நேற்றுப் படிவத்தை எடுத்தேன். கழிப்பதற்கான காரணம் என்ற இடத்தில், 'கருவி நன்றாக இயங்குகிறது. இயக்க ஆளுக்கு நிதி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு டீன் மேஜையில் வைத்தேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். "இதெல்லாம் ஒரு காரணமா மேடம்? இத வச்சிக்கிட்டு கண்டம் பண்ணவும் முடியாது, உங்களுக்கு நிதி கேக்கவும் முடியாது" என்றார். வேறு காரணம் என்னிடம் இல்லை சார் என்றேன். விளக்கம் கேட்டுக் கோப்பைக் கொள்முதல் கமிட்டிக்கு அனுப்பிவிட்டார். அந்தக் கமிட்டி எந்த லட்சணத்தில் கூடும் என்று உனக்குத் தெரியும். கருவி வாங்க நாம் அனுப்பிய கோப்புகளை ஊறப்போட்டு ஊறப்போட்டு நம் வயிற்றெரிச்சலை வாங்கிக்கொண்டவர்கள். முதல்முறையாக அவர்களை நம்பியிருக்கிறேன். எப்படியும் பொங்கல் ஆகிவிடும். மழை அதற்குள் முடிந்துவிடும்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைக்காதே. பொங்கலுக்குப் பிறகு என்ன என்று எனக்குத் தெரியவில்லை. மலரைப் போகாதே என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை, அதனால் சொல்லவில்லை. அவளாகத்தான் சொன்னாள்: "ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கிறேன் மேடம். முடிஞ்சதும் கம்பெனி பஸ்ஸ நம்ம கேட்டாண்ட நிறுத்தச் சொல்லி எறங்கிக்கிறேன். மழை மட்டும் முடியட்டும்." நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு அந்தப் பெண் மாடி ஏறி வரவேண்டும். இந்த நாட்டில் ஒரு கேள்வி கேட்க ஓவர்டைம் செய்ய வேண்டியிருக்கிறது, அண்ணி. வெட்கமாக இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஐப்பசி பிறந்துவிட்டது. கிழக்கே கறுத்துக்கொண்டு வருகிறது. உன் குடைத்துணியில் ஒரு மூலை பிய்ந்திருந்ததை இன்று தைத்தேன். வெளிச்சம் உள்ளே போகிறதா என்று டார்ச் அடித்தும் பார்த்துவிட்டேன், போகவில்லை.

ஒன்று மட்டும் சத்தியம். இந்த மழை நிற்கும்வரை அதை யாரும் அணைக்க விடமாட்டேன். அதற்கப்புறம் அணைக்கத்தான் வேண்டும் என்றால், யாரோ ஒருத்தர் வந்து ஒயரைப் பிடுங்கக்கூடாது. நானே அணைக்கிறேன். அன்றைக்கும் யாராவது ஒரு காகிதத்தை நீட்டி நீங்கள் இதற்கு என்ன வேண்டும் என்று கேட்டால், ஆஸ்பத்திரியில் எழுதியதையே எழுதுவேன்.

உறவு: நாத்தனார்.

பரிமளா