பேரிங் பெட்டியின் மூச்சுத் துளை

8-5-56, செவ்வாய்
கத்திரி வெயில். மதியத்துக்கு மேல்தான் கடல் காற்று. பம்பின் சுழலும் தண்டை, ஷாஃப்டை, தாங்கும் பேரிங் பெட்டியில் எண்ணெய் பார்த்தேன். மோர் நிறம். போன வாரம் மாற்றியது. எப்படியோ தண்ணீர் கலந்திருக்கிறது.

முதல் பம்பு பேரிங் தேய்ந்து, பழுது பார்க்க மெட்ராஸ் போய்விட்டது. இதுவும் நின்றால் குப்பத்துக்குக் குடிதண்ணீர் இல்லை. அங்கே எங்கே தோண்டினாலும் உப்பு.

புது எண்ணெய் விட்டேன். ஈரக் காற்று நுழைகிறதோ என்று, பெட்டியின் மேலுள்ள மூச்சுத் துளையில் கட்டை அடித்து மூடினேன்.

9-5, புதன்
கட்டை உதவவில்லை. உள்ளே காற்று சூடேறி, போக வழியில்லாமல், ஷாஃப்ட் ஓரமாக எண்ணெயை வெளியே தள்ளிவிட்டது. தரையெல்லாம் வழுக்கல். பிடுங்கி எறிந்தேன்.
சவரப் பிளேடு வாங்க வேண்டும். ஓட்டல் சாம்பார் அலுத்துவிட்டது.

10-5, வியாழன்
சாப்பிட்டுச் சீக்கிரம் திரும்பினேன். பம்பு ஓட்டும் முனுசாமி, பேரிங் பெட்டிமேல் வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார்.
"என்ன பண்றீங்க?"
"கை வெக்க முடியல சார். கொதிச்சிகினு கீது. பாவமா இருந்திச்சி."
"தினமுமா?"
"தினம்தான்."
சூடான பெட்டி சட்டென்று குளிர்ந்தால் உள்ளே காற்று சுருங்கும். துளை வெளியே இருப்பதை உறிஞ்சும். வெளியே இருந்தது அவர் ஊற்றிய தண்ணீர். சொன்னேன். வாளியைக் கீழே வைத்தார்.
"அப்ப அந்த மொத பம்பு?"
கெட்ட எண்ணெயை வடிக்கக் குனிந்தேன்.

11-5, வெள்ளி
செம்புக் குழாயை வளைத்து, வாய் கீழே பார்க்கும்படி துளையில் பொருத்தினேன். வாயில் பித்தளை வலை. காற்று போய் வரும். தண்ணீரும் மணலும் விழாது. எண்ணெய் தெளிவு.
நாளை செங்கல்பட்டிலிருந்து ஓவர்சீயர். முதல் பம்பு ஏன் போயிற்று என்று கேட்பார். முனுசாமி தற்காலிக ஆள், பிள்ளைகுட்டிக்காரர். கடல் காற்று என்று சொல்லிவிடலாமா? தூக்கம் வரவில்லை.

12-5, சனி
கேட்டார். நான் வாய் திறக்குமுன் முனுசாமி: "நான்தான் சார். சூடா கீதேன்னு தண்ணி ஊத்துனேன்."
ஓவர்சீயர் என் பக்கம் திரும்பினார்.
"ஊத்தக் கூடாதுன்னு அவருக்கு யாரும் சொல்லலை சார். நானும் சொல்லலை" என்றேன்.
வளைந்த குழாயைத் தடவிப் பார்த்தார். பிறகு முனுசாமியிடம், "அச்சரப்பாக்கம் பம்புலயும் எண்ணெய் இப்படித்தான் வெளுத்துப்போவுது. திங்கக்கிழமை நீ போய் அங்க பம்பு ஓட்டற ஆளுக்குச் சொல்லு."
"நானா சார்?"
"நீதான்."

13-5, ஞாயிறு
புழுக்கம். துணி துவைத்தேன். சாயங்காலம் முனுசாமி வந்தார். சொல்ல வேண்டியதை என்னிடம் ஒப்பித்துப் பார்த்தார். சரியாக இருந்தது. போகாமல் நின்றார்.
"அவனும் பாவம்னுதான் ஊத்தியிருப்பான். மெதுவாத்தான் சொல்லணும், இல்ல சார்?"