ஹெலன் பெயருக்கு வரும் கடிதங்கள்

சியாங்மாய், தாய்லாந்து
3.5.1983

கர்த்தருக்குள் அன்பான உங்களுக்கு,

நான் சுகம். உங்கள் ரத்த அழுத்தம் எப்படியிருக்கிறது?

ஆங்கில வகுப்பில் நம் குடும்பப் படத்தைக் காட்டினேன். உங்கள் மகள் ஹெலன் என்ன படிக்கிறாள் என்று ஒரு மாணவி கேட்டாள். போன வருடம் இறந்துவிட்டாள் என்று சொல்ல வாய் வரவில்லை. மருத்துவம் என்றேன். கர்த்தருக்குச் சாட்சி சொல்ல வந்தவள் சொன்ன பொய் இது. பயிற்சிக்காகப் பன்னிரண்டு பேரும் அவளுக்குக் கடிதம் எழுதித் தபாலில் போட்டுவிட்டார்கள்.

"உள்ளதச் சொல்லிருவமா டீச்சர்?" என்றார் எங்கள் ஊழியக் குழுத் தலைவர் பாக்கியநாதன்.

"வேணாண்ணே. நாம ஊருக்குக் கெளம்ப இன்னும் ரெண்டு வாரந்தான, இருந்துட்டுப் போகட்டும்."

தபால்காரர் பேயாண்டி, "அந்தப் புள்ளதான் இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிடப் போகிறார், முன்னதாகவே சொல்லிவையுங்கள். வாங்கி அவள் மேசையில் வையுங்கள். எல்லாரும் பதில் கேட்டிருக்கிறார்கள். பிழை திருத்திக் கொடுத்தது நான்தான்.

மணி அடித்துவிட்டது.

உங்கள்
சுகிர்தம்