குட்டிக்கு மீசை வந்துவிட்டதா

அன்புள்ள குட்டியின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முட்டி வலி தேவலையா? அத்தைக்கு இருமல் நின்றதா?

கடையில் என்னை இப்போது பீர் விற்கும் கவுண்டரில் போட்டிருக்கிறார்கள். இந்த ஊர்ச் சட்டப்படி பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. நேற்று மீசை வைத்த ஒருவனிடம் வயதே கேட்காமல் பில் போடப் போனேன். பக்கத்து கவுண்டர் அக்கா கண் காட்டினார். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தால், நம் குட்டி வயதுதான். தர முடியாது என்றுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவனுடைய அப்பாவே அவனைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"கண்டவனோட தெருவுல குடிக்கிறதுக்கு, வீட்ல எங்கூட உக்காந்து ஒரு வாய் குடிக்கட்டுமே. உங்க புள்ளையா இருந்தா என்ன செய்வீங்க?"

"எம்புள்ளைக்கு இன்னும் மீசையே முளைக்கலைங்க" என்றேன். அக்கா சிரித்துவிட்டார்.

அவர் வயது வந்தவர், அவருக்கு விற்க மறுக்க முடியாது. பாட்டிலை வாங்கிக்கொண்டு, மகன் தோளில் கைபோட்டபடி போனார். எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும், வரவில்லை. இருவரும் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

படமெடுக்கக் கூப்பிட்டால் குட்டி ஓடுகிறான் என்கிறாய். தூங்கும்போதாவது ஒன்று எடுத்து அனுப்பு. சட்டை வாங்கி வைத்திருக்கிறேன், சிறிதாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. தோள் அளவை எழுது. கடை திறக்க நேரமாகிவிட்டது. மற்றதை மறந்தாலும், மீசை வந்துவிட்டதா என்பதை மட்டும் எழுது.

குட்டியின் அப்பா