வியாழக்கிழமை விமானம்

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று காலை அவர் சொல்லிவிட்டார். ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்.

"இப்படியே போனா ரெண்டு பேருக்கும் பைத்தியம் பிடிச்சிடும். ஒரு வாரம் எங்கயாச்சும் போயிட்டு வருவோம். வந்தப்புறமும் இப்படியேதான்னா நான் அண்ணன் வீட்டுக்குப் போயிடறேன்."

இப்படியே என்றால் எப்படி என்று நான் கேட்கவில்லை. பத்து மாதமாக இந்த வீட்டில் குக்கர்தான் அதிகம் பேசுகிறது. அதற்கு முன்னால் எங்கள் பெண் பேசுவாள். வாயாடி என்றுதான் கூப்பிடுவோம். பத்தொன்பது வயது. அவள் வாய் ஓய்ந்தால் உடம்புக்கு ஏதோ சரியில்லை என்று அர்த்தம். போன ஏப்ரலில் ஓய்ந்தது. சாதாரணக் காய்ச்சல்தானே, மாத்திரை போட்டுக்கிட்டுப் படு, ஆபீஸில் சீசன் நேரம் என்று சொல்லிவிட்டுப் போனேன். மூன்றாம் நாள் அவள் இல்லை.

அடுத்த வாரமே அவர் சுவரில் இருந்த அவள் படங்களை எல்லாம் கழற்றிப் பரணில் போட்டார். அவள் பெயரைச் சொல்வதில்லை. அவள் செத்துவிட்டாள் என்றும் சொல்வதில்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் எழுந்து போய் ஏதாவது ஒரு ஸ்குருவை முடுக்குவார். லிஃப்ட் மெக்கானிக்குக் கைக்கு வேலையா கிடைக்காது? எனக்குத்தான் அழக்கூட ஆள் இல்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

பத்தொன்பது வருடமாக டிராவல்ஸில் டிக்கெட் போடுகிறேன். இந்த நாட்டுக்கு ஒருவரைக்கூட அனுப்பியதில்லை. அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே நமக்குத் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். கையைப் பிடித்துக்கொண்டு "மனசைத் தேத்திக்கோம்மா" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எத்தனை குழந்தைகள் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

முதலாளி மேப்பில் விரலை வைத்துத் தேடினார். "இது நாடா, இல்ல ஈ ஏதாச்சும் உக்காந்துட்டுப் போச்சா?" வாரத்துக்கு இரண்டே விமானம், திங்களும் வியாழனும். டிக்கெட்டை அவரே போட்டுக் கொடுத்தார். தங்கும் விடுதியை நான் போட்டேன். அவசரம், எதிரே நாலு பேர் காத்திருந்தார்கள்.

மார்ச் 3, திங்கள்

இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

வந்து சேர்ந்தோம். விமான நிலையம் ஒரு பள்ளிக்கூடத்து ஹால் அளவுதான். முத்திரை குத்துகிறவர் மை டப்பாவை எங்கோ வைத்துவிட்டுத் தேடினார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. விடுதி என்பது மாடியில் ஆறு அறை உள்ள ஒரு வீடு. வீட்டுக்கார அம்மாதான் சமையல், அவள் புருஷன்தான் டிரைவர். நாங்கள் மட்டும்தான் விருந்தாளிகள். பேச்செல்லாம் அரைகுறை இங்கிலீஷில்தான்.

அறையைத் திறந்தால் மூன்று கட்டில். மூன்று துண்டு. மூன்று தண்ணீர் பாட்டில்.

புரிந்துவிட்டது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் எங்கள் வீட்டுப் பட்டியலை எப்போதோ சேமித்து வைத்திருந்தேன். அவர், நான், அவள். ஒரு தட்டு தட்டினால் மூன்று பெயரும் ஏறிவிடும். எல்லாக் குடும்பத்துக்கும் அப்படித்தான் செய்வோம். நாலு பேர் எதிரே காத்திருந்தால் பார்க்கவா தோன்றும்? அம்மாக்காரி செய்கிற வேலையா இது?

வீட்டுக்கார அம்மா கேட்டாள், "மூணு பேருன்னு இருந்துச்சே, இன்னொருத்தர்?"

"பொண்ணு. பின்னாடி வர்றா."

வாயில் வந்துவிட்டது. சத்தியமாக யோசிக்கவில்லை.

"அப்ப வியாழக்கிழமை விமானமா?"

"ஆமா."

அவர் கீழே காரிலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். கேட்கவில்லை. மேலே வந்து மூன்றாவது கட்டிலைப் பார்த்தார். பெட்டியை அதன்மேல் வைத்தார்.

மார்ச் 4, செவ்வாய்

காலையில் மேசையில் மூன்று தட்டு. "பழகட்டும்னு வெச்சேன்" என்று வீட்டுக்கார அம்மா சிரித்தாள். பெண்ணுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும், காரம் தின்பாளா, ஜன்னல் பக்கம் படுப்பாளா என்று கேட்டாள். அவர் குளித்துக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

மறைத்து என்ன பயன், சந்தோஷமாக இருந்தது. பத்து மாதத்தில் ஒருவர்கூட என்னிடம் அவள் ஜன்னல் பக்கம் படுப்பாளா என்று கேட்டதில்லை.

ஊரைச் சுற்றினோம். ஒரே ஒரு பெரிய தெரு. ஒரு முனையில் தபால் நிலையம், மறுமுனையில் ஏரி. நடந்து முடிக்கப் பதினைந்து நிமிடம். எதிரே வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்கிறார்கள், வணக்கம் சொல்கிறார்கள். ஊரில் மொத்தம் நாலு லிஃப்ட்தான் என்று டிரைவர் சொன்னதும் அவர் "அப்ப நான் இங்க பட்டினிதான்" என்றார். ஜோக்! அவர் வாயிலிருந்து! நான் சிரிப்பதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மார்ச் 5, புதன்

எல்லாம் போச்சு.

அருங்காட்சியகம் போனோம். இரண்டு அறை. ஆள் வந்தால்தான் காவலாளி விளக்கைப் போடுகிறார். வருகைப் புத்தகத்தில் எங்களுக்கு முந்தைய கையெழுத்து நவம்பரில் போட்டது. நான் பேனாவை எடுத்தேன். காவலாளி அவரைப் பார்த்து மலர்ந்த முகத்தோடு சொன்னார், "நாளைக்கு உங்க பொண்ணு வர்றாங்களாமே! அவங்களையும் கூட்டிட்டு வாங்க. மாடி அறை பூட்டியிருக்கு, அவங்களுக்காகத் திறந்து வெக்கறேன்."

இத்தனூண்டு ஊரில் எதுதான் தங்கும்? கடைக்காரர், தபால்காரர், எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஊருக்கே ஒரு பெண் வரப்போகிறாள்.

அவர் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். "என்னடி சொல்லி வெச்சிருக்க?" என்றார்.

சொன்னேன். பட்டியல், கட்டில், வாய் தவறியது, எல்லாம்.

"செத்துப் போ— இல்லாத பொண்ணை விமானத்துல ஏத்திட்டியே."

"ஆமா, ஏத்தினேன்! நீங்க பரண்ல போட்டீங்களே, அதைவிட இது மோசமா? மூணு நாளா ஒரு பொம்பளை எம்பொண்ணைப் பத்தி எங்கிட்ட கேக்கறா. நீங்க ஒரு தடவை கேட்டிருப்பீங்களா? அன்னிக்கு நான் ஆபீசுக்குப் போனேனே, ஏன்டி போனேன்னு ஒரு வார்த்தை திட்டியிருப்பீங்களா? திட்டியாவது தொலைச்சிருக்கலாம்ல?"

அவர் எழுந்து நடந்தார். தெருவின் அந்த முனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். "ஊருக்குப் போனதும் நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன்" என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார்.

சரி. அதற்குத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்.

மார்ச் 6, வியாழன்

காலையிலேயே வீட்டுக்கார அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் இறங்கினேன். சமையலறையில் அவள் விமான நிலையத்தில் பிடிக்க ஒரு அட்டையை மேசையில் விரித்து, சாய டப்பா வைத்துக்கொண்டு, வாயாடியின் முழுப் பெயரையும் இனிஷியலோடு எழுதிக்கொண்டிருந்தாள். சிவப்பு எழுத்து, சுற்றிலும் மஞ்சள் பூ. மாடிக்கு ஓடி வந்துவிட்டேன்.

மதியம் விமான நிலையம் போக டிரைவர் காரை எடுத்தார். ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கார் நகரும்போது இவர் வீட்டிலிருந்து வேகமாக இறங்கி, முன் கதவைத் திறந்து, சீட்டில் கிடந்த அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிக் காரை நிறுத்தப் போகிறார் என்று நினைத்தேன். கார் போய்விட்டது.

மூன்று மணிநேரம். நான் மூன்றாவது கட்டிலின் படுக்கை விரிப்பைச் சரிசெய்துகொண்டே இருந்தேன்.

திரும்பி வந்ததும் அவர் நேரே ஏரிப் பக்கம் நடந்துவிட்டார். டிரைவர்தான் என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது.

"எல்லாரும் வெளிய வந்துட்டாங்கம்மா. மொத்தமே பதினோரு பேர். சார் அட்டையை இறக்கவே இல்ல. குடுங்க, நான் பிடிக்கறேன்னேன், குடுக்கல. கதவைப் பூட்ட வந்தாங்க. அப்பதான் சொன்னாரு, 'வர மாட்டா. எம்பொண்ணு செத்துட்டா'ன்னு. அங்கயே தரையில உக்காந்துட்டாரு."

சொல்லிவிட்டார்.

மார்ச் 7, வெள்ளி

காலையில் மேசையில் இரண்டு தட்டு. வீட்டுக்கார அம்மா ஒன்றும் கேட்கவில்லை. என் தலையை ஒருமுறை தடவிவிட்டுப் போனாள்.

இரண்டு தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட முடியவில்லை. அவராலும் முடியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

மழை. அவர் வீட்டுக்கார அம்மாவின் குழாயைச் சரிசெய்தார்.

மார்ச் 15, சனி

ஊருக்கு வந்து நாலு நாளாகிறது. அவர் பெட்டி கதவோரம் கட்டித் தயாராக இருக்கிறது. பிரஷர் மாத்திரையை எடுத்து வைக்க மறந்திருப்பார் என்று திறந்தேன். சட்டைகளுக்கு நடுவில் அந்த அட்டை. மடங்காமல் இருக்க இரண்டு பக்கமும் பழைய நாளிதழ் வைத்திருக்கிறார்.

அதில் எனக்கும் பங்கு உண்டு என்று கத்த வேண்டும்போல் இருந்தது. மாத்திரையை வைத்துப் பெட்டியை மூடினேன்.

மார்ச் 16, ஞாயிறு

போய்விட்டார்.

மார்ச் 27, வியாழன்

ஆபீஸ் பட்டியலில் அவள் பெயரை நீக்கலாம் என்று திறந்தேன். நீக்கவா என்று கேட்டது. பின்னால் முதலாளி வந்து நின்றார். "இருக்கட்டும்மா" என்றார். மூடிவிட்டேன். மூன்று பேரும் இருக்கிறோம், அதில் மட்டும்.

பரணிலிருந்து படங்களை இறக்க ஸ்டூல் போட்டு ஏறினேன். கை எட்டவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

நாளையோடு ஒரு வருடம். எப்படித் தாண்டப் போகிறேன் என்று தெரியவில்லை.

சாயங்காலம் அவர் ஃபோன் பண்ணினார். போன பிறகு முதல் தடவை.

"சாப்பிட்டியா?"

"ம்."

"அந்த அட்டை எங்கிட்டதான் இருக்கு."

"தெரியும்."

"உனக்கும் வேணும்ல? கூரியர்ல அனுப்பட்டுமா?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "கூரியர்ல வர்றதுக்கு அவ என்ன ஸ்குருவா? மடங்கிடும். கையில கொண்டுவாங்க."

எப்போது என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் அண்ணன் வீட்டு டிவி ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு யாரோ அதை நிறுத்தினார்கள். அவர் அழுகிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. நானும் அழுதேன். இரண்டு பேரும் ஃபோனை வைக்கவில்லை.