மார்கழியில் தழைத்த மரங்கள்

என் தங்கத்துக்கு,

போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே நிற்பார். அதனால்தான் எழுதுகிறேன்.

படிக்கப் போன இடத்தில் சனி, ஞாயிறு ஊர் சுற்றியதாக நீ அனுப்புகிற படங்களைக் கயத்தாறு டீக்கடைவரை கொண்டுபோய்க் காட்டுகிறார். "ஏலே, எம்மவ இந்த வாரம் வியன்னாவுல நிக்கா, பாரு!" என்கிறார்.

நான் ஆட்டுக்குக் குழை ஒடிக்கிறவள். எந்தப் படத்திலும் மரத்தைத்தான் முதலில் பார்ப்பேன். இந்த மார்கழியில் நீ போன நாலு ஊரிலும் மரங்கள் தழைத்து நிற்கின்றன. வீடியோவில் நீ பேசும்போது, உன் ஜன்னலுக்கு வெளியே நிற்கிற மரத்தில் ஒரு இலைகூட இல்லை.

எல்லாம் கோடையில் எடுத்த படங்கள்.

அப்பாவிடம் சொல்லவில்லை. வகுப்புக்குப் போகிறாயா என்றும் கேட்கமாட்டேன். உன்னைப் போலவே, அவருக்காகச் சிரித்துச் சிரித்து எனக்கும் அலுத்துவிட்டது, தாயி.

இந்த ஞாயிறு அந்த மொட்டை மரத்தைப் படம் எடுத்து அனுப்பு. போதும்.

அம்மா